14 மி.மீ. லென்ஸா, 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாணப் படம் எடுக்கும் தம்பிகள் கேஎல் (கோலாலம்பூர்) கட்டடங்களை எடுக்கக் கிளம்பும்போது என்னிடம் கேட்பது இது. ஷிஃப்ட் லென்ஸ் என்றால், கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் நகர்த்தக்கூடியது.

படத்தில் அடங்கும் கோணம் (ஃபுல் ஃபிரேம் கேமராவில், மூலைக்கு மூலை): 14-க்கு 114 பாகை, 24-க்கு 84.

வேகம்: 14-இல் ஆட்டோஃபோகஸ் கிடைக்கும். ஷிஃப்டுக்குப் பெரும்பாலும் கையால்தான் ஃபோகஸ், முக்காலியும் வேண்டும். தடுக்கக் காவலாளி வருவதற்குள் முடியாது!

நேர்க்கோடு: 452 மீட்டர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை 14-இல் அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாயும். ஷிஃப்டில் கேமரா மட்டமாக இருக்க, லென்ஸ் மட்டும் மேலேறும். சரி, 14-ஐயும் மட்டமாகப் பிடித்து, பிறகு படத்தில் வரும் தரையை வெட்டினால்? ஏறக்குறைய அதே படம்தான், பிக்சல் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். இணையத்துக்கு அது தாராளம்.

வீட்டு உள்ளறை, கடைவரிசை என்றால் 14 வாங்குங்கள். கட்டடக் கலைஞர் பெரிய அச்சுக்குக் கேட்டால் ஷிஃப்டை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள்.