தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள்: தமிழக வாக்கு மாற்றத்தை அளக்க உதவுமா?

தமிழ்நாட்டில் எந்தக் கட்சி எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று யார் எழுதினாலும் கடைசியில் கைவைப்பது இந்தியத் தேர்தல் ஆணையத்தின் அறிக்கைகளில்தான். 1951-52 முதல் எல்லாமே இலவசம். சரக்கு தங்கம், பொட்டலம்தான் மோசம். பழையவை பிடிஎஃப், அண்மைக்காலத்தவை எக்செல் தாள்கள்.

கட்சிவாரி அட்டவணையில் பலர் தாண்டிப் போகிற பத்தி ஒன்று உண்டு: போட்டியிட்ட இடங்களில் மட்டும் பெற்ற சதவீதம். அறிக்கையின் உயிரே அதுதான். 2006 சட்டமன்றத் தேர்தலில் மாநில அளவில் திமுக 26.46 சதவீதம், அதிமுக 32.64. ஆனால் ஜெயித்தது திமுக, 96 இடம். அது நின்றதே 132 தொகுதிகளில், அதிமுக 188இல். நின்ற இடங்களை மட்டும் கணக்கிட்டால் திமுக சுமார் 46, அதிமுக சுமார் 41. கூட்டணிக்கு எத்தனை இடம் விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்க்காமல் வரைகிற கோடு எதுவும் தேறாது. 1967இலும் இதே கதைதான்: மாநில அளவில் காங்கிரஸின் சதவீதம் திமுகவைவிடக் கொஞ்சம் அதிகம், ஆட்சியைப் பிடித்தது திமுக.

சின்னமும் ஏமாற்றும். 2021இல் மதிமுக நின்ற 6 இடங்களும் உதயசூரியனில். அந்த வாக்கெல்லாம் திமுக கணக்கில். 1957 அறிக்கையில் திமுகவைத் தேடினால் கிடைக்காது, சுயேச்சைகளுக்குள் கலந்திருக்கும். அந்த ஆண்டு இரட்டை உறுப்பினர் தொகுதிகளும் இருந்தன; அங்கே ஆளுக்கு இரண்டு வாக்கு என்பதால் மொத்தத்தை அப்படியே எடுக்கக் கூடாது.

தொகுதி அளவில் இறங்கினால் 2008 மறுவரையறை குறுக்கே நிற்கும். பெயர் அதேதான், எல்லை வேறு. 2006ஐயும் 2011ஐயும் நேராக ஒப்பிடுவது வீண். வாக்குச்சாவடி வாரியாக வாக்குகளைக் காட்டும் படிவம் 20 இருந்தால் ஓரளவு ஒட்டவைக்கலாம். சாவடி எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும் என்பதால் ஊர்ப் பெயரை வைத்துப் பொருத்துங்கள். தபால் வாக்கு தனி வரியில் வரும், எந்தச் சாவடியிலும் சேராது. ஸ்கேன் பக்கங்களிலிருந்து எண்ணை எடுத்தால் ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பார்ப்பது கட்டாயம். 3உம் 8உம் இடம் மாறிக்கொள்ளும்.

இவ்வளவு பாடுபட நேரமில்லாதவர்களுக்கு அசோகா பல்கலைக்கழகத்தின் தேர்தல் தரவுத் தளமான லோக் டாபா போதும். அதே தரவு, சிஎஸ்வி கோப்பாக. சின்னம் கடன் வாங்கிய வேட்பாளர்களை மட்டும் அங்கேயும் நீங்களே பிரித்துக்கொள்ள வேண்டும்.