11,000 ரூபாய்க்கு ஒரு பச்சை நெயில் பாலிஷ்

பழைய 486 ரக கம்ப்யூட்டரின் மதர்போர்டு (பிராசஸர், கார்டு எல்லாம் உட்காரும் பலகை), ‘பக்கா வொர்க்கிங்’ என்று யாராவது வீடியோ அனுப்பினால் அவசரப்பட்டு ஜிபே பண்ணிவிடாதீர்கள். நான் பண்ணினேன். 11,000 போச்சு.

கோவை கணபதியில் மாமாவின் பட்டறையில், மெல்லிய கம்பியில் மின்பொறி பறக்கவிட்டு உலோகத்தை வெட்டும் பழைய ஒயர்கட் மெஷின் ஒன்று இருக்கிறது. மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அதை ஓட்டும் கம்ப்யூட்டரில் செருகும் கன்ட்ரோல் கார்டு ஐஎஸ்ஏ என்ற பழைய ரக ஸ்லாட்டில்தான் உட்காரும், புரோகிராம் விண்டோஸுக்கு முந்தைய டாஸில்தான் ஓடும், அந்த ஸ்லாட்டோ 2000-க்குப் பிறகு வந்த போர்டுகளில் மெல்ல ஒழிந்தே போய்விட்டது. போன ஆடியில் போர்டு செத்ததும் வந்த வேலையெல்லாம் அப்படியே நின்றது.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். “அதெல்லாம் இப்ப எங்கீங்க தம்பி வருது, வந்தாலும் போர்டைத் தனியாக் கழட்டித் தங்கத்துக்கு வாங்கிட்டுப் போயர்றாங்க” என்றார் ஒருவர். பீங்கான் உடம்புள்ள பழைய பிராசஸரின் கால்களில் தங்கப் பூச்சு இருக்கும். டெல்லி சீலம்பூர் மாதிரி இடங்களில் போர்டை உடைத்துப் பிரிப்பவர்களுக்கு அது ஓடுமா ஓடாதா என்பதெல்லாம் கணக்கில்லை, எடைதான் கணக்கு. பவுன் விலை ஏற ஏற இந்தப் போர்டுகள் இன்னும் வேகமாகக் காணாமல் போகின்றன. (2019-ல் இதே பட்டறையிலிருந்து மூன்று சிபியுவை இடத்தை அடைக்கிறது என்று கிலோ கணக்கில் எடைக்குப் போட்டவன் நான்தான். மாமா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.)

அப்புறம்தான் ஈரோடு பக்கத்து ஆள் ஒருவர் போனில் சிக்கினார். 486 டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ் என்றார், அந்த வரிசையில் வேகமான பிராசஸர். வீடியோவில் டாஸ் திரை வந்தது, டைப் அடித்துக் காட்டினார், நானும் நம்பிவிட்டேன். ஆன் செய்ததும் முதலில் வருமே, பிராசஸர் பெயரெல்லாம் காட்டும் திரை, அதை மட்டும் வெட்டியிருந்தது பணம் போன பிறகுதான் உறைத்தது.

பார்சலைப் பிரித்து ஓடவிட்டால் கீபோர்டு எரர். வேறு கீபோர்டு போட்டாலும் அதேதான். அந்தக் காலத்துப் போர்டுகளில் கடிகாரத்துக்காகப் பீப்பாய் வடிவில் ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள், வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அது கசிந்து பக்கத்துச் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும், பல போர்டுகளில் கீபோர்டு சிப்பும் அதன் பக்கத்திலேயே இருப்பதால் முதல் அடி அதற்குத்தான். இந்த ஆள் பேட்டரியைப் பிடுங்கிவிட்டு, அரித்த இடத்தில் பச்சை நெயில் பாலிஷ் பூசியிருக்கிறார். நகத்தால் சுரண்டினேன், தோல் மாதிரி உரிந்து வந்தது. திரையில் பிராசஸர் 486 எஸ்எக்ஸ், 25 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டியது. தசமக் கணக்குகளைத் தனியாகப் போடும் கோ-பிராசஸரே கிடையாது. மேலே சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்கை ஒட்டி எழுத்தை மறைத்திருந்தார். வீடியோவில் இருந்த போர்டின் மூலையில் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று தெரியும், எனக்கு வந்ததில் அதுவும் இல்லை.

போன் செய்தேன். “ஏனுங்க, முப்பது வருசத்துப் பொருளுக்கு வாரண்டியா கேக்கறீங்க?” என்றார். அடுத்த நாளிலிருந்து நம்பர் போகவில்லை.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் வீடியோ காலில், உங்கள் கண் முன்னால், சுவிட்சைப் போடுவதிலிருந்து காட்டச் சொல்லுங்கள். பேட்டரி இருக்கும் மூலையைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள், அங்கே மட்டும் பச்சை அதிகமாக மினுங்கினால் வேண்டாம். முடிந்தால் பஸ் ஏறி நேரில் போய்விடுங்கள், ஈரோட்டுக்கு எவ்வளவு ஆகிவிடப் போகிறது, நான்தான் சோம்பேறித்தனப்பட்டேன். தொழிற்சாலைகளுக்கென்று ஐஎஸ்ஏ ஸ்லாட்டோடு புதுப் போர்டுகள் இன்னும் கிடைக்கின்றன, விலை கூடத்தான், கடைசியில் மாமா அதைத்தான் வாங்கினார்.

நேற்று வேறு நம்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். அதே படம், அதே வெள்ளை ஸ்டிக்கர். இப்போது 12,500 கேட்கிறார்.