நாட்டுக்கோழி, கறிக்கோழி: நம்பிக்கை ஒருபுறம், காவல் மறுபுறம்

நாட்டுக்கோழிக்குக் கூடுதல் விலை கொடுப்பவர், அது யார் வீட்டுக் கொல்லையில் வளர்ந்தது என்று விசாரிப்பாரே தவிர, தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்பது அரிது. கறிக்கோழியைப் பற்றியோ, ஊசி போட்டுப் பெருக்க வைத்தது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அது சுமார் 40 நாளில் இரண்டு கிலோவை எட்டுவதற்கு, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து உருவாக்கிய இனமும் செறிவான தீவனமுமே காரணம், ஹார்மோன் அன்று. ஆனால் மருந்து குறித்த அச்சம் முழுவதும் கற்பனையும் அன்று: கால்நடை, கோழி வளர்ப்பில் கொலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக்கை இந்திய அரசு 2019இல்தான் தடை செய்தது.

நோய் புகாமல் காப்பதை அளவுகோலாகக் கொண்டால் தராசு மறுபக்கம் சாய்கிறது. பல்லடம் வட்டாரத்தில் ஒழுங்காக நடக்கும் கறிக்கோழிப் பண்ணையில் வாயிலிலேயே கிருமிநாசினித் தொட்டி இருக்கும். ஒரே வயதுக் குஞ்சுகளை ஒன்றாக இறக்கி, வளர்ந்தபின் ஒன்றாகப் பிடித்துவிட்டு, கொட்டகையைக் கழுவிச் சில நாள் காலியாகப் போடுவார்கள். கொல்லைக்கோழிக்கு வேலியே கிடையாது. சந்தையில் விலை படியாமல் வீடு திரும்பும் ஒரு சேவல் போதும், தெரு முழுவதும் வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழிநோய் பரவ; பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இலவசத் தடுப்பூசி முகாமுக்குக் கோழியைக் கொண்டுபோகாத வீட்டில் அடைகாக்கும் பெட்டையும் மிஞ்சாது.

ஆயினும் பண்ணைக்கு முழு மதிப்பெண் தர இயலாது. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் தாக்கியது வணிகப் பண்ணைகளைத்தான்; 2008இல் மேற்கு வங்கத்தில் பெரிதும் பறிபோனவை வீட்டுக் கோழிகள். நெருக்கமாக அடைத்த கொட்டகைக்குள் கிருமி ஒருமுறை நுழைந்துவிட்டால், வேலியால் கிடைத்த நன்மை ஓரிரு நாளில் கரைந்துவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: கம்பிவலை அடித்த மேய்ச்சல் முற்றமும் இரவுக் கொட்டகையும் தடுப்பூசி அட்டவணையும் கொண்ட நாட்டுக்கோழிப் பண்ணை. என் பார்வையில் இதுவே மேல். வேடிக்கை என்னவென்றால், வாங்க வருபவர் வலையைக் கண்டதுமே "அடைச்சு வளர்த்தா அது நாட்டுக்கோழியா?" என்று முகம் சுளிக்கிறார். நோயைத் தடுக்கும் வேலியே அவர் கண்ணில் கலப்படத்தின் அடையாளமாகிவிடுவதால், அந்த வேலிக்குச் செலவழித்தவருக்குக் கொல்லைக்கோழி விலைகூடக் கட்டுவதில்லை. தடுப்பூசி போட்ட தேதியைக் கடைப்பலகையில் விலைக்குப் பக்கத்திலேயே பண்ணைக்காரர் எழுதிவைக்கலாம். பொரித்த கோழிக்குப் போட்ட மசாலாவை விசாரிக்கும் நாம், அதையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.