பிளேடா, சக்கரமா: ஹாக்கி ஸ்கேட் வாங்கும் முன்

டொராண்டோ பக்கம் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வந்தே தீரும். குளிர்காலத்தில் ஐஸில் ஆட ஒரு ஸ்கேட், ஐஸ் போன பிறகு சிமெண்ட் தரையில் ஆடச் சக்கரம் வைத்த இன்னொரு ஸ்கேட். விலைச்சீட்டைப் பார்த்ததும், ஒரே ஜோடியில் இரண்டையும் சமாளிக்க முடியாதா என்று அப்பாக்கள் கேட்கிறார்கள். முடியும், ஆனால் வேண்டாம் என்பது என் கட்சி. உயர்ந்த விலையில் ஒரு ஜோடி வாங்கி அடிப்பகுதியை மாற்றி மாற்றிப் பூட்டுவதைவிட, நடுத்தர விலையில் இரண்டு ஜோடி வைத்துக்கொள்வது காலுக்கும் நல்லது, பணத்துக்கும் நல்லது.

இரண்டுக்கும் பொதுவானது பூட். கடைக்கு வருகிறவர்கள் பிளேடைத் தடவிப் பார்க்கிறார்கள், சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கிறார்கள். பூட்டுக்குள் கால் எப்படி உட்காருகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. ஹாக்கி ஸ்கேட்டின் அளவு வழக்கமான ஷூ அளவைவிட ஒன்று அல்லது ஒன்றரை எண் குறைந்திருக்கும். எட்டரை ஷூ போடுகிறவருக்கு ஏழு பொருந்தினால் வியக்க வேண்டாம். நேராக நிற்கும்போது பெருவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி ஆடும் நிலைக்கு வந்ததும் குதிகால் பின்னால் நன்றாகப் பதிந்து, விரலுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்க வேண்டும். லேஸை இறுக்கிக் கட்டிய பிறகும் குதிகால் மேலே எழும்பினால், அந்த ஜோடியை வந்த பெட்டியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.

நீளம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஆழமும் பார்க்க வேண்டும். அதற்குக் கடைக்காரர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. லேஸ் கட்டாமல் காலை உள்ளே வைத்து, பூட்டின் நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது துளைக்கு நேராக ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். பென்சில் இரு ஓரங்களிலும் படிந்து கிடந்தால் ஆழம் போதும். பாதத்தின் மேல்பகுதியில் முட்டி, ஓரங்களைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நின்றால் பூட் உங்களுக்குத் தாழ்வு. அதையே வாங்கினால், லேஸ் அழுத்தும் வலி பாதத்தின் மேலே பிடித்துக்கொள்ளும். ஆட்டம் பாதியைத் தாண்டுவதற்குள் லேஸைத் தளர்த்தத் தோன்றும்.

பிராண்டுகளைப் பொறுத்தவரை, பெரிய இரண்டும் ஒன்டாரியோவில் பிறந்தவை. சிசிஎம் 1899-இல் டொராண்டோவில் சைக்கிள் கம்பெனியாகத் தொடங்கியது. பாவர் 1927-இல் கிச்சனரில் தொடங்கியது. எது உசத்தி என்று ஆட்டக்காரர்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். என்னைக் கேட்டால், உங்கள் பாதத்துக்கு எது ஒத்துவருகிறதோ அதுவே உசத்தி. பாவர் தன் பூட்டுகளை ஃபிட் 1, 2, 3 என்று பிரிக்கிறது. 1 ஒடுங்கியது, 3 அகலமும் ஆழமும் கூடியது. சிசிஎம் அதையே டேப்பர்டு, ரெகுலர், வைட் என்கிறது. ட்ரூ என்ற இன்னொரு பிராண்ட் சற்று வேறு வழியில் போகிறது: பூட்டை நன்றாகச் சூடாக்கிக் காலைச் சுற்றிப் படியவைப்பதே அதன் பலம். கணுக்கால் எலும்பு துருத்தியவர்கள், இரண்டு பாதமும் ஒரே வடிவில் இல்லாதவர்கள் அதை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்து நாற்பது வயதில் ஐஸில் இறங்கும் நம்மவர்கள் பலருக்கு முன்பாதம் அகலம். ஒடுங்கிய பூட் அழகாக இருக்கிறதே என்று அதற்குள் காலைத் திணிக்க வேண்டாம்.

வாங்கியதும் கடையிலேயே பூட்டைச் சூடாக்கித் தருவார்கள். ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைத்து எடுத்ததும் காலில் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். எழுந்து நடக்கக் கூடாது. லேஸை மேல்நோக்கித்தான் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால், இளகிய பூட்டில் லேஸ் துளைகள் பிய்ந்துவர வாய்ப்புண்டு. வீட்டு ஓவனில் முயல்கிறவர்களை நான் தடுப்பதில்லை; ஆனால் மாதிரிக்கு மாதிரி வெப்பமும் நேரமும் மாறும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இனிப் பூட்டுக்குக் கீழே. ஐஸ் பிளேடின் தடிப்பு சுமார் 3 மில்லிமீட்டர். அதன் அடியில் நீளவாக்கில் ஒரு மெல்லிய குழிவு ஓடும். அதனால்தான் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூர்கள் கிடைக்கின்றன. இந்தக் குழிவை எவ்வளவு ஆழமாகச் சாணை பிடிப்பது என்பதில் ஆட்டமே மாறும். ஆரம் சிறிதானால் குழிவு ஆழம்: 1/2 அங்குல ஆரத்தில் பிடித்தால் பிளேடு ஐஸை நன்றாகக் கவ்வும். 5/8 அங்குலத்தில் கவ்வல் குறைந்து வழுக்கல் கூடும். எடை குறைந்த பிள்ளைகளுக்கு ஆழமான குழிவு உதவும், ஏனெனில் விளிம்பை ஐஸில் அழுத்த அவர்களிடம் எடை இல்லை. என்னைப் போல் உடம்பு வைத்தவர்களுக்கு 5/8 போதும், ஆழம் கூடினால் நிற்க முயலும்போது கால் சிக்கிக்கொள்கிறது. கடைக்காரர் கேட்காமலே ஏதோ ஓர் அளவில் பிடித்துத் தந்துவிடுவார். நாம்தான் சொல்ல வேண்டும்.

சக்கரத்தில் இந்தச் சாணைத் தலைவலி கிடையாது. அதற்குப் பதிலாகச் சக்கரத்தின் கடினம் என்ற வேறொரு தலைவலி உண்டு. எண்ணுக்குப் பின்னால் 'ஏ' என்று போட்டு அதைக் குறிப்பார்கள். உள்ளரங்கின் வழுவழுப்பான பிளாஸ்டிக் தரைக்கு 74ஏ, 76ஏ போன்ற மென்மையான சக்கரம் வேண்டும், இல்லாவிட்டால் பிடிப்பு இருக்காது. வெளியே சிமெண்டிலும் தாரிலும் ஆடுவதற்கு 80ஏ-க்கு மேல் கடினமானது வேண்டும். உள்ளரங்கச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஒரு கோடை முழுவதும் ஆடிப் பாருங்கள், அழிப்பான் தேய்வதுபோல் உதிர்ந்துபோகும். பேரிங் பெட்டியில் அச்சிட்டிருக்கும், துல்லியத்தைக் குறிக்கும் ஏபெக் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மணல் புகுந்துவிட்டால் எல்லா எண்ணும் ஒன்றுதான்.

இந்த வகை ஸ்கேட்டைப் பரவலாக்கியவர்களே ஹாக்கிக்காரர்கள்தான். 1980 வாக்கில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஸ்காட் ஓல்சன் என்ற ஆட்டக்காரர், கோடையிலும் பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று சக்கரங்களை ஒரே வரிசையில் வைத்த இன்லைன் ஸ்கேட்டைத் தயாரித்து விற்றார். ரோலர்பிளேட் நிறுவனம் அப்படித்தான் எழுந்தது. ஆனாலும் ஒன்று இன்னொன்றுக்கு முழு மாற்றாகிவிடவில்லை. ஐஸ் பிளேடு முன்னும் பின்னும் லேசாக வளைந்திருப்பதால், ஒரு நேரத்தில் அதன் நடுப்பகுதியில் கொஞ்சம்தான் ஐஸைத் தொடும். சட்டென்று திரும்ப முடிவது அதனால்தான். இன்லைனில் நான்கு சக்கரமும் தரையில் படிந்திருக்கும், திருப்பம் பெரிதாகும். இந்தக் குறையைப் போக்க, முன்னும் பின்னும் ஆடும் சக்கரச் சட்டத்தை ஸ்வீடனின் மார்ஸ்பிளேட் விற்கிறது. ஐஸ் ஆட்டக்காரர் கோடைப் பயிற்சிக்கு வாங்கலாம். இன்லைன் மட்டும் ஆடுகிறவருக்கு அது தேவையில்லாத செலவு.

பெரிய வித்தியாசம் நிற்பதில் இருக்கிறது. ஐஸில் இரண்டு காலையும் குறுக்கே திருப்பினால் பிளேடு ஐஸைச் சீவிக்கொண்டு நின்றுவிடும். சக்கரத்தில் அதே வேகத்தில் அதையே செய்தால் சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும். கால் நிற்கும், உடம்பு போய்க்கொண்டே இருக்கும். ஐஸில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள்தான் இன்லைனில் முதல் நாள் இப்படி விழுகிறார்கள். சக்கரத்தில் பழகியவர் ஐஸுக்கு வந்தால் எதிர்க்கதை: வேகம் வந்துவிடும், ஆனால் வெளிவிளிம்பில் சாய்ந்து நிற்கத் தைரியம் வராது.

மாற்றிப் பூட்டும் யோசனையை நான் எதிர்ப்பதற்குக் காரணம் ரிவிட். ஐஸ் பூட்டின் அடியில் பிளேடு தாங்கியை ரிவிட் அடித்துத்தான் பொருத்தியிருப்பார்கள். அதைப் பெயர்த்துவிட்டுச் சக்கரச் சட்டத்தை ஒருமுறை நிரந்தரமாகப் பொருத்தினால் குற்றமில்லை. சின்னதாகிப்போகாத பழைய ஐஸ் பூட்டுக்கு அது நல்ல மறுவாழ்வு. பருவத்துக்குப் பருவம் பிடுங்கி அடித்தால் துளைகள் பெரிதாகி, பிளேடு ஆட்டம் கொடுக்கத் தொடங்கும். தவிர, ஐஸ் பூட் ஈரம் உள்ளே வராதபடி அடைத்துச் செய்தது. ஜூலை வெயிலில் அதற்குள் கால் வெந்துபோகும். இன்லைன் பூட்டுகளில் காற்றோட்டத்துக்கு இடம் விட்டிருப்பார்கள்.

பெரியவர் ஒருவர், இருப்பது ஒரு ஜோடிக்கான பணம், இரண்டும் ஆட ஆசை என்றால்? அரங்கில் நேரம் கிடைக்கிற பக்கம் போங்கள். கிழமைக்கு ஒரு நாள் ஐஸ் உறுதி என்றால் ஐஸ் ஸ்கேட். பக்கத்துப் பூங்கா தரைதான் கைக்கு எட்டும் என்றால் இன்லைன். உச்ச மாதிரிகள் ஆயிரம் டாலரைத் தாண்டும். பொழுதுபோக்காக ஆடுகிறவருக்கு அவற்றின் விறைப்பான பூட் ஒரு தொல்லை. மெலிந்த பிள்ளைக்கு அது தண்டனை: கணுக்காலை மடக்கவே முடியாமல் மரக்கால் வைத்தவர்போல் நிற்கும். வளரட்டும் என்று இரண்டு எண் பெரிதாக வாங்கிக் கொடுப்பதும் அதே அளவு கெடுதல். அரை எண் இடம் விடலாம், அதற்கு மேல் கூடாது.

பிள்ளைகளுக்குப் பழைய ஸ்கேட்டே போதும், பார்த்து வாங்கினால். ஐஸ் ஸ்கேட்டில் தாங்கிக்குக் கீழே எவ்வளவு இரும்பு மிஞ்சியிருக்கிறது, ரிவிட் ஆடுகிறதா, கணுக்கால் பகுதி மடிந்து நொய்ந்துவிட்டதா என்று பாருங்கள். விற்பவர் முன்னாலேயே பூட்டைக் கையால் அமுக்கிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். இன்லைனில் சக்கரத்தின் உள்பக்கம்தான் முதலில் தேயும். அதை இடம் மாற்றித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், புதிதும் வாங்கலாம், விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல சாக்கு. சட்டம் வளைந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.