தோள் அறுவை சிகிச்சைக்குப் பின் ‘வலிமை மீட்புத் தொகுப்பு’ என்று 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்: யாரும் மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள்

நேற்று மாலை, ஐந்தாவது முறையாக, அந்த மையத்தின் வரவேற்பு மேசை முன் முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பி வந்தேன். நான் கட்டிய பணம் 42,000 ரூபாய். அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது என்று நேற்றுதான் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. புறவழிச்சாலையை ஒட்டி, கீழ்த்தளத்தில் உடற்பயிற்சிக் கூடமும் மேல்தளத்தில் பிசியோதெரபியுமாக நடக்கும் இடம் என்று சொன்னால் போதும். இப்படிப்பட்ட மையங்கள் இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டன.

நான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக வேலை பார்க்கிறேன். ஊர் அணியில் கபடி ஆடுவேன், கார்னரில் நிற்பேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பொங்கல் போட்டியில், பாடி வந்தவரின் கணுக்காலைப் பிடித்தபோது அவர் உதறிய வேகத்தில் என் வலது தோள் மூட்டிலிருந்து நழுவி முதன்முறையாக இறங்கியது. ஒருமுறை இறங்கிய தோள் மறுபடி இறங்குவதற்கு அவ்வளவு விசை தேவைப்படுவதில்லை. இரண்டாவது முறை பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நின்றபோது இறங்கியது. நான்காவது முறை தூக்கத்தில் புரண்டு படுத்தபோது. மூட்டுக் குழியின் விளிம்பைச் சுற்றியிருக்கும் லேப்ரம் என்ற வளையம் முன்பக்கத்தில் கிழிந்திருப்பது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. கடந்த ஜூன் முதல் வாரத்தில் சிறு துளைகள் வழியாக அறுவை சிகிச்சை செய்து, ஆங்கர் என்று எலும்பில் பதிக்கும் சிறு பிடிப்பான்கள் மூன்றை வைத்து அந்த வளையத்தை எலும்போடு சேர்த்துத் தைத்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் பாங்கார்ட் ரிப்பேர் என்று இருக்கிறது. இந்தக் கிழிசலை 1923-இல் விவரித்து எழுதிய இங்கிலாந்து மருத்துவரின் பெயர் அது. அறுவை சிகிச்சையில் எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுவை சிகிச்சை நிபுணர் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தார். நான்கு வாரம் கைத்தொட்டில். ஆறு வாரம் வரை கையை வெளிப்பக்கமாக அதிகம் திருப்பக் கூடாது. பன்னிரண்டு வாரம் வரை கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பின்னுக்குத் தள்ளும் நிலை, அதாவது பந்தை எறிவதற்கு ஓங்கும் நிலை, அறவே கூடாது. ஆறு மாதத்துக்கு முன் களத்தில் இறங்கக் கூடாது. இடைப்பட்ட காலத்தில் பிசியோதெரபி கட்டாயம் என்பதை அடிக்கோடிட்டிருந்தார்.

கைத்தொட்டிலைக் கழற்றிய அன்று சட்டையில்லாமல் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். வலது தோளின் பின்புறம் சதை வற்றி, எலும்பின் மேடு தனியாகத் தெரிந்தது. தண்ணீர் நிறைந்த செம்பைத் தூக்கியபோது கை நடுங்கித் தரையெல்லாம் தண்ணீர். ஸ்பேனர் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு அந்த நடுக்கம் எப்படிப்பட்ட பயத்தைக் கொடுக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பயத்தோடுதான் மறுநாள் அந்த மையத்தின் படியேறினேன்.

தலைமை பிசியோதெரபிஸ்ட் என்று அறிமுகப்படுத்தப்பட்டவர் என் கையைத் தன் இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்து, “தம்பி, ராத்திரி தூக்கம் வருதா?” என்றுதான் முதலில் கேட்டார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேறு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பிறகு ஒரு ரசீதின் பின்பக்கத்தில் ஒரு தட்டையும் அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வரைந்தார். தட்டின் உடைந்த விளிம்பை டாக்டர் சரிசெய்துவிட்டார், ஆனால் கை அசையும் ஒவ்வொரு நொடியும் பழத்தைத் தட்டின் நடுவில் இழுத்துப் பிடித்து வைப்பது ரொட்டேட்டர் கஃப் என்னும் நான்கு தசைகள்தான், அவற்றுக்கு வலு திரும்பவில்லை என்றால் தைத்த தையல் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்: எது தேவை என்று முழுமையாகத் தெரிந்த ஒருவர்தான் அதைக் கொடுக்காமல் விட்டார்.

தனித்தனியாக வந்தால் ஒரு முறைக்கு 1,500 ரூபாய். பன்னிரண்டு வாரத்துக்கு 36 முறை என்று மொத்தமாகக் கட்டினால் 42,000 ரூபாய்தான், 12,000 மிச்சம் என்றார்கள். அவரே நேரடியாகப் பயிற்சி கொடுப்பார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கருவி வைத்துத் தசையின் வலுவை அளந்து அறிக்கை தருவார்கள், இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்கும் என்றும் வாய்மொழியாகச் சொன்னார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 30,000 ரூபாய், என் கையிருப்பு 12,000 ரூபாய். மேசையில் பணத்தை எண்ணி வைத்தபோது, வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினார். 36 கட்டங்கள். ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்குவது உங்களுக்கும் சிரமம் சார், இப்போதே போட்டுவிடுங்கள் என்றார். தோள் கடுக்கக் கடுக்கப் போட்டேன். முதல் வரிசையில் முழுப் பெயராக இருந்த கையெழுத்து, கடைசி வரிசையில் வெறும் கோடாகச் சுருங்கியிருந்தது. அந்தத் தாளைப் பற்றி அன்று எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

தலைமையானவரை நான் பார்த்தது இரண்டே நாள். மூன்றாம் நாளிலிருந்து வாரத்துக்கு ஓர் இளைஞர் என்று மாறி மாறி வந்தார்கள். என்ன படித்திருக்கிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்டதற்கு, “இப்போதைக்குப் பயிற்சியில் இருக்கிறேன்” என்று தலையைக் குனிந்துகொண்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. முதல் கால் மணி நேரம் வெந்நீர்ப்பை, அடுத்த இருபது நிமிடம் தோளில் நான்கு பட்டைகள் ஒட்டி மின்சாரம், கடைசிப் பத்து நிமிடம் கதவுக் கைப்பிடியில் கட்டிய சிவப்பு ரப்பர் பட்டையை இழுப்பது, இவ்வளவுதான் சிகிச்சை. மின்சாரம் ஓடும் நேரத்தில் அறையில் யாரும் இருக்கமாட்டார்கள். ஏழு வாரமும் அதே சிவப்புப் பட்டை, அதே பதினைந்து இழுப்பு. அளவுக் கருவி என்ற ஒன்றை நான் கண்ணாலும் பார்க்கவில்லை. கேட்டபோதெல்லாம் “அடுத்த வாரம் சார்” என்ற பதில்தான் வந்தது.

இது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது, பின்னால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவில் ஓர் அம்மையார் பொறுமையாக விளக்கிய பிறகுதான் புரிந்தது. அந்த மின்சாரம் வலியைத் தணிப்பதற்கானது. அதனால் தசை கட்டாது. சுமையை ஏற்றிக்கொண்டே போனால்தான் தசை வலுப்பெறும். முதலில் முழங்கையை விலாவோடு வைத்து, கை அசையாமல் சுவரை அழுத்தும் பயிற்சி; கூடவே தோள்பட்டை எலும்பை முதுகோடு பிடித்து வைக்கும் தசைகளுக்கான பயிற்சி, ஏனென்றால் அந்த எலும்பு நிலையாக நிற்கவில்லை என்றால் மூட்டுக் குழியே ஆடும். பிறகு மெல்லிய பட்டையிலிருந்து தடித்த பட்டைக்கு, பட்டையிலிருந்து டம்பெல்லுக்கு, சுவரில் கையூன்றும் தண்டாலிலிருந்து தரைத் தண்டாலுக்கு என்று படிப்படியாக ஏற வேண்டும். பன்னிரண்டு வாரம் கடந்த பின்பே கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் வலுவேற்றுவது, அதற்கும் பிறகு பந்தை எறிந்து பிடிப்பது. களத்துக்குத் திரும்புவதற்கு மாதக் கணக்கு மட்டும் போதாது. அறுவை செய்த தோளின் வலு மற்றத் தோளின் வலுவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. அளந்து பார்க்காமல் அது எப்படித் தெரியும்?

அறுவை சிகிச்சை முடிந்த பதினோராவது வாரத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. அன்று மேலே யாரும் வராததால், கீழ்த்தளத்தில் எடை தூக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளரை அனுப்பியிருந்தார்கள். கை இறுகிப் போயிருக்கிறது, விட்டால் சரியாகாது என்று சொல்லிக்கொண்டே, என்னைப் படுக்கவைத்து என் கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பின்னுக்கு அழுத்தினார். எதைச் செய்யவே கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தாரோ அதே நிலை. அந்தச் சீட்டின் நகல் என் கோப்பிலேயே, அவர் கைக்கு எட்டும் தூரத்தில், மேசைமேல் கிடந்தது. தோள் முன்பக்கமாக நழுவப்போகிறது என்ற அந்தப் பழைய உணர்வு வந்ததும் கத்திவிட்டேன். அதுதான் நான் அந்த மையத்துக்குச் சிகிச்சைக்குப் போன இருபத்திரண்டாவது முறை. அதன் பிறகு படியேறவில்லை.

தையல் பிரியவில்லை என்று அறுவை சிகிச்சை நிபுணர் சோதித்துச் சொன்னதுதான் ஒரே ஆறுதல். செப்டம்பரில் அரசு மருத்துவமனையில் கையடக்கக் கருவியால் அளந்தபோது, கையை வெளிப்பக்கம் திருப்பும் விசை இடப்பக்கம் 14 கிலோ, வலப்பக்கம் 7.5 கிலோ. வலக்கைக்காரனான எனக்கு வலப்பக்கம் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. 42,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த பலன் இது.

மீதி 14 முறைக்கான பணத்தை, அதாவது சுமார் 16,300 ரூபாயை மட்டும்தான் திருப்பிக் கேட்டேன். முதல் முறை, மேலாளர் கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்றார்கள். இரண்டாவது முறை மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். ஏழு வேலை நாளில் பதில் வரும் என்றார்கள், வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளுக்கு நீலக்குறி விழுந்தது, அவ்வளவுதான். மூன்றாவது முறை ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரியைக் காட்டினார்கள். நான்காவது முறை, பணத்துக்குப் பதிலாக மூன்று மாதம் கீழ்த்தளத்தில் எடை தூக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கத்திய அன்று என் கையை அழுத்திய அதே ஆளிடம்! நேற்று, ஐந்தாவது முறை, அந்தப் படிவத்தை எடுத்து என் முன் வைத்தார்கள். 36 கட்டங்களிலும் என் கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் அருகில் புதிதாக நிரப்பப்பட்ட தேதி. நான் ஆலையில் வேலையில் இருந்த நாள்கள்கூட அதில் இருக்கின்றன. “எல்லா முறையும் முடிஞ்சுடுச்சே சார்” என்றார் அந்தப் பெண். தலைமையானவர் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடிக்கொண்டார். தூக்கம் வருகிறதா என்று கேட்ட அதே மனிதர்.

விரிவாக அறிவுரை எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், இப்போது அதற்கு மனமில்லை. மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் அன்றன்றே கொடுங்கள். வெற்றுக் கட்டங்களில் கையெழுத்துப் போடாதீர்கள். தொடுகிறவர் பிசியோதெரபி பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள். இரண்டு தோள்களையும் அளந்து எழுத்தில் தராத இடத்தில் இரண்டாவது வாரம் நிற்காதீர்கள். டாக்டர் கூடாது என்று எழுதிய நிலைக்கு யாராவது கையைக் கொண்டுபோனால் உடனே எழுந்துவிடுங்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

நான் திங்கட்கிழமை போகிறேன். அந்தப் படிவத்தில் தேதி போடப்பட்டிருக்கும் நாள்களுக்கு ஆலையின் வருகைப் பதிவேட்டு நகலைக் கேட்டிருக்கிறேன். நாளை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதே மாதிரி முன்கூட்டியே கையெழுத்து வாங்கப்பட்டவர்கள் யாராவது இருந்தால், அதற்குள் எனக்குத் தெரிவியுங்கள்.