நாலு வருடம் ஸ்கீமா போட்டுப் பார்த்ததில்

சென்னிமலை பெட்ஷீட், போர்வை, துண்டு இதெல்லாம் வூகாமர்ஸ் (இணையக் கடை நடத்த உதவும் மென்பொருள்) தளம் ஒன்றில் விற்கிறேன். பொருள் பக்கங்களில் ஸ்கீமா மார்க்அப் (பக்கத்தில் உள்ள விவரம் எது எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு) சேர்த்து நாலு வருடம் ஆகிவிட்டது. சேர்த்துக் கொடுத்தவர் "கூகுள் தேடலில் ரேங்க் ஏறும்" என்று சொல்லித்தான் காசு வாங்கினார். ஏறவில்லை. மூன்றாம் பக்கத்தில் கிடந்த டபுள் காட் பெட்ஷீட் மூன்றாம் பக்கத்திலேயே கிடந்தது.

மாறியது வேறு. ஏற்கெனவே முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஏழெட்டுப் பொருட்களுக்கு அடியில் விலையும், ஸ்டாக் இருக்கிறதா என்பதும் தெரிய ஆரம்பித்தன. கட்டுப்படியாகாதவர் உள்ளே வருவதில்லை. "என்ன ரேட்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போகும் வாட்ஸ்அப் செய்திகள் பாதியாகக் குறைந்தன. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

என் பெட்ஷீட் பக்கத்தில் 60, 90, 1,150 என்று மூன்று எண்கள் இருக்கும். அகலம், நீளம், விலை என்று நமக்குப் பார்த்ததும் புரியும். தேடுபொறி ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தைத் தவிர்க்கத்தான் 2011இல் கூகுள், பிங், யாகூ சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொது வரையறையைக் கொண்டுவந்தார்கள். பெயர், படம், விலை, நாணயம், இருப்பு எல்லாவற்றையும் ஜேசன்-எல்டி என்ற வடிவில், கண்ணுக்குத் தெரியாத கோட் துண்டாகப் பக்கத்துக்குள் வைக்கிறோம். விலை என்றால் வெறும் 1150. ரூபாய்க் குறியும் காற்புள்ளியும் கூடாது. நாணயம் ஐஎன்ஆர் என்று தனியாகப் போக வேண்டும். இது தெரியாமல் முதல் வாரம் முழுக்கச் சிவப்புப் பிழைகள்.

பெரிய அடி ஒரு தீபாவளிக்குப் பிறகு. வூகாமர்ஸ் தானாகவே ஒரு மார்க்அப் போடும். நான் வாங்கிய தீமும் (தளத்தின் தோற்றத்துக்கான வார்ப்புரு) தன் பங்குக்கு ஒன்று போட்டது, அதில் விலையைக் கையால் நிரப்ப வேண்டும். தள்ளுபடிக்காக 899 என்று நிரப்பியதை மறந்தே போனேன். கார்த்திகையில் ஒரு போன்: "ஏனுங்க அண்ணா, கூகுள்ல 899னு போட்டிருக்கு, உள்ள வந்தா 1,150ங்கறீங்க?" அவருக்கு 899க்கே கொடுத்தேன். அன்று ராத்திரி உட்கார்ந்து தீம் போட்டதைத் தூக்கினேன். ஒரு பொருளுக்கு ஒரு மார்க்அப், அதுவும் கடை விலையிலிருந்து தானாக வருவதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று முழுக்க என் தப்பு. பக்கத்தில் ஒரு விமர்சனம்கூட இல்லாமல் மார்க்அப்பில் மட்டும் 4.8 நட்சத்திரம் எழுதினேன். சில வாரம் ஜொலித்தது. அப்புறம் சர்ச் கன்சோலில் (தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் இலவசக் கருவி) நடவடிக்கை அறிவிப்பு வந்தது. நட்சத்திரத்தோடு விலை வரியும் போனது. நல்லவேளை, இந்த வகைத் தண்டனை ரேங்கைத் தொடாது. பொய்யை எடுத்துவிட்டு மறுபரிசீலனைக்குக் கூகுளுக்கு எழுதிப்போட்டு, விலை வரி திரும்பி வரும்வரை காத்திருந்தேன்.

தேடல் முடிவுக்கு அடியில் கேள்வி-பதில்களைக் காட்டவைக்கும் கேள்வி-பதில் மார்க்அப்புக்காக ஒரு மாதம் செலவழித்தேன். 2023 ஆகஸ்டில் அப்படிக் காட்டுவதை பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது. பெட்ஷீட் விற்பவனுக்கு அங்கே என்ன வேலை, சரிதான். அதற்குப் பதில் 2024இல் வந்த ரகங்களுக்கான வசதி உருப்படியாக இருந்தது. சிங்கிள் காட், டபுள் காட், மூன்று நிறம் என்று ஒரே பொருளை ஒரு குழுவாகச் சொல்ல முடிகிறது. நீலம் தீர்ந்தால் நீலத்தை மட்டும் ஸ்டாக் இல்லை என்று மாற்றினால் போதும்.

கைத்தறிக்காரர்கள் பார்கோடு எண் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், காலியாக விடலாம். நானும் அப்படித்தான். இப்போதைக்கு சர்ச் கன்சோலில் ஒரே ஒரு எச்சரிக்கை பாக்கி: திருப்பி அனுப்பும் விதிமுறை இல்லை என்கிறது. துவைத்த பெட்ஷீட்டைத் திருப்பி வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.