வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை: பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றைப் பற்றிப் பெற்றோர் ஒருவரின் மதிப்பீடு

பாளையங்கோட்டையில் கிறித்தவ நிர்வாகத்தில் இயங்கும், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் என் மகன் மூன்று ஆண்டுகளாகப் படிக்கிறான். ஒரு குறையைச் சொல்வதற்காக நல்ல பள்ளியின் பெயரை இழுக்க விருப்பமில்லை. ஆகவே பெயரைத் தவிர்க்கிறேன். கணக்கும் அறிவியலும் நன்றாக நடக்கின்றன. மெட்ரிக் பள்ளிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. திடல் பெரியது, கழிப்பறை சுமார். இவையெல்லாம் வாசலில் நிற்கும் மற்றப் பெற்றோரிடம் விசாரித்தாலே தெரிந்துவிடும். சேர்க்கைக்கு முன் யாரும் விசாரிக்காத ஒன்றைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. கிறித்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்காகப் பக்கத்து அறைக்குப் போகிறார்கள். இந்து, முஸ்லிம் பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்காக இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். வேதபாடத்துக்கென்று ஓர் ஆசிரியை இருக்கிறார். படங்களைத் தொங்கவிட்டு, குரலை ஏற்றி இறக்கிக் கதை சொல்கிறார். நன்னெறிக்கோ அந்த வேளையில் யாருக்கு வகுப்பு இல்லையோ அவர் வருகிறார், கையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டோடு. "சத்தம் போடாம ரெண்டு குறள் எழுதுங்க" என்பதோடு பாடம் முடிகிறது. மகனின் நன்னெறி நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளில் எழுதப்பட்டவை 11 பக்கங்கள்; அவற்றில் 'அகர முதல' மட்டும் நான்கு முறை வருகிறது. சம்பந்தர் திருநெல்வேலியைப் பாடிய பதிகத்தின் முதல் அடியிலேயே 'நன்னெறி' என்ற சொல் உண்டு. அந்தச் சொல்லுக்கு இந்த ஊரிலேயே இப்படி ஒரு கதி வந்திருக்க வேண்டாம்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே இருப்பது அரைச்சுவர்தான். தாவீது கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்திய கதையை என் மகன் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முழுவதும் கேட்டிருக்கிறான். வீட்டில் நடித்தும் காட்டினான். காலை வழிபாட்டில் கற்ற கீர்த்தனையை ஒருநாள் அவன் முணுமுணுத்தபோது, நெல்லையப்பர் கோயிலுக்குப் பிரதோஷம் தவறாமல் போகும் அவனுடைய ஆச்சி, "நல்லாத்தான் இருக்கு, இன்னொரு மட்டம் பாடு" என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் மதம் மாறிவிடுவானோ என்ற பயம் இல்லை. என் மனக்குறை வேறு.

முதலாவது, எங்களை யாரும் கேட்கவில்லை என்பது. அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது: முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் நடத்தலாம், ஆனால் மாணவர் சிறுவராக இருந்தால் காப்பாளரின் சம்மதம் இல்லாமல் அந்தப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. வகுப்பைப் பிரிப்பதன் மூலம் போதனை விஷயத்தில் பள்ளி சட்டத்தை மதிக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். காலை ஜெபத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். சேர்க்கைப் படிவத்தில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. தலைமையாசிரியரிடம் கேட்டேன். "கடிதம் ஒண்ணு குடுங்க சார், பையனை விட்டுருவோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், சொன்னபடி செய்வார் என்றும் நம்புகிறேன். ஆனால் அத்தனை பிள்ளைகளும் வரிசையில் நிற்கும்போது ஒருவன் மட்டும் நூலகத் திண்ணையில் போய் உட்கார வேண்டும் என்றால் எந்தப் பிள்ளை அதை விரும்பும்?

இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மகனோடு ஒரே பெஞ்சில் மேலப்பாளையத்துப் பையன் ஒருவனும், பள்ளிக்கு அருகிலேயே குடியிருக்கும் சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பையன் ஒருவனும் உட்காருகிறார்கள். முதலாமவன் பள்ளிக்கு வருவதற்கு முன்பே மதரஸாவில் ஓதிவிட்டு வருகிறான். இரண்டாமவனுக்கு ஞாயிறு பள்ளி உண்டு. என் மகனுக்கு ஆச்சி இருக்கிறார். அவரவர் மதத்தை அவரவருக்குக் கற்பிக்க ஆள் இருக்கிறது. பக்கத்தில் உட்காருபவனின் மதத்தைச் சொல்லித்தரத்தான் ஊரில் ஓரிடமும் இல்லை. அந்த இடம் பள்ளியாகத்தானே இருக்க முடியும்? வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் அந்த ஒரே பெஞ்சைத்தான் பள்ளி பிரிக்கிறது.

மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு. பின்னதற்கு 28ஆம் பிரிவு தடையாகாது என்று உச்ச நீதிமன்றமே 2002இல் அருணா ராய் வழக்கில் கூறிவிட்டது. நம் பக்கத்தில் இதற்குப் பாடப்பொருளைத் தேடி அலையவும் வேண்டாம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் எட்டயபுரத்தோடு பிணைந்தவர். இரட்சணிய யாத்திரிகம் எழுதிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரானவர். கம்பன் ருசி அவரை விட்டுப் போகவே இல்லை. நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரியோ பேருந்தில் போய்வரும் தூரம். இவர்களையெல்லாம் தமிழ்ப் பாடத்தில் மனப்பாடப் பகுதியாக மட்டும் படித்து மதிப்பெண் வாங்குவதற்குப் பதிலாக, மூன்று பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்து, அந்த வேதபாட ஆசிரியைக்கு இருக்கும் அக்கறையில் பாதியோடு யாராவது சொல்லித்தந்தால் போதும். பள்ளிகளை நிறுவி நடத்தச் சிறுபான்மையினருக்கு அரசமைப்பின் 30ஆம் பிரிவு தரும் உரிமையை இது எந்த வகையிலும் தொடாது. வேதபாடம் அதுபாட்டுக்கு நடக்கலாம்.

வரும் ஜூனில் மகளையும் இதே பள்ளியில்தான் சேர்க்கப்போகிறேன். படிவத்தோடு ஒரு கடிதம் இணைப்பேன்: காலை வழிபாட்டில் அவள் நிற்பதற்கு எனக்குச் சம்மதம், வெள்ளிக்கிழமை நன்னெறி வகுப்புக்கு ஒரு ஆசிரியரை நிரந்தரமாகப் போடுங்கள், அதுவரை, ஆசிரியை சம்மதித்தால், அவள் அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கதை கேட்கட்டும்.